சாரின் நாயனம் ஏன் முக்கால் கட்டை ஏறியது?



எப்போதும் ஒரு சார்ட்டில் முடிக்கிற நான், இந்த முறை ஆசிரியர் குழுவிடம் கெஞ்சி மூன்று சார்ட் வாங்கியிருக்கிறேன். கால் வலித்தால் பாதியை இன்டர்வெல்லிலும் மீதியைச் சாப்பாட்டு நேரத்திலும் படியுங்கள். ஆனால் படித்துவிடுங்கள். ஏனென்றால் இது நம்ம பாட்டு சாரைப் பற்றியது. அதோடு, பழைய சாஃப்ட்வேர் ஒன்று வேலை செய்யாவிட்டால் எப்படிப் படிப்படியாகத் தேடிச் சரிசெய்வது என்பதைப் பற்றியது.

விஷயத்துக்கு வருவோம்.

நம்ம ஸ்கூல் ஆண்டு விழாப் பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2009 இல் பாட்டு சாரும் அப்போதைய பிளஸ் டூ அண்ணன்களும் சேர்ந்து, கம்ப்யூட்டர் லேபில் இருந்த ஒரு பழைய பெட்டியில் செய்த பாட்டு அது. பாட்டு ஆரம்பிக்கும்போது ஒரு நாயன சத்தம் வருமே, அது நிஜ நாயனம் இல்லை! சாஃப்ட்வேரில் சார் உண்டாக்கியது. சாருடைய அப்பா சோழவந்தான் பக்கத்துக் கோயில்களில் நாகஸ்வரம் வாசித்தவர். அவர் வாசிப்பை ஒரு கேசட்டில்கூடப் பதிவு செய்து வைக்கவில்லையாம். "காதுல இருந்ததை வச்சு ஒரு வாரம் குமிழைத் திருகித் திருகிச் செஞ்சேன்ப்பா" என்று சார் எங்களிடம் சொன்னார்.

சார் இந்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். கடைசி ஆண்டு விழாவுக்காகப் பாட்டில் புதுசாக ஒரு சரணம் எழுதினார். மாணவர்கள் மேடையில் நேரடியாகப் பாட வேண்டும். பின்னால் இசை மட்டும் ஓட வேண்டும். நம்மிடம் இருந்ததோ குரலும் இசையும் கலந்த ஒரு சி.டி. அதிலிருந்து இசையை மட்டும் பிரிப்பது, சாம்பாரில் கரைந்த உப்பைப் பிரிக்கிற மாதிரி. இப்போது அதற்கும் சாஃப்ட்வேர் வந்துவிட்டது. போட்டுப் பார்த்தோம். அது நாயனத்தையும் ஒரு மனுஷக் குரல் என்று நினைத்துச் சேர்த்துத் தூக்கிவிட்டது! (சாருக்கு இதில் கொஞ்சம் பெருமை.)

அப்படியானால் ஒரே வழி, 2009 இல் செய்த மூலக் கோப்பைத் திறப்பதுதான். ஆண்டு விழாவுக்கு 11 நாள்தான் இருந்தது.

பெட்டி போச்சு, டிஸ்க் இருக்கு

பழைய கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அமுக்கினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. மதர்போர்டு போய்விட்டது. கம்ப்யூட்டர் மிஸ்தான், "பெட்டி செத்தா டிஸ்க்கும் செத்துச்சுன்னு அர்த்தமா? கழட்டிப் பாரு" என்றார். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் ஹார்டு டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டுகிற கேபிள் ஒன்று வாங்கி, லேபில் உள்ள புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினோம். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு திரையில் பழைய ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முதல் வேலையாக எல்லாவற்றையும் அப்படியே இரண்டு இடத்தில் நகல் எடுத்தோம். பழைய டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் மூச்சை நிறுத்தலாம்.

புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11. அதில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பைப் போட்டு, பாட்டுக் கோப்பைத் திறந்தோம். தபேலா வந்தது. குரல் வந்தது. நாயனம் வரவேண்டிய இடத்தில் மட்டும் மயான அமைதி. "பிளக்-இன் கிடைக்கவில்லை" என்று ஒரு செய்தி. என் பெஞ்ச் நண்பன், "மாப்ள, முடிஞ்சுச்சுடா" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

முதலில் மூன்று வார்த்தைகள்

மேலே போகும் முன் மூன்று வார்த்தைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மிடி: இது சத்தம் அல்ல, குறிப்பு. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்பதை 0 முதல் 127 வரை எண்களாக எழுதி வைப்பது. நாம் பாட்டு நோட்டில் ஸ ரி க ம எழுதுகிறோமே, அது மாதிரி. நோட்டு தானாகப் பாடாது. பாட ஆள் வேண்டும்.

சாஃப்ட்வேர் சிந்தசைசர்: அந்தக் குறிப்பைப் படித்துச் சத்தம் போடுகிற வித்வான். இதற்குள் மூன்று பகுதி முக்கியம். ஆஸிலேட்டர் என்பது சீவாளி மாதிரி. அடிப்படை அதிர்வை அது தருகிறது. ஃபில்டர் என்பது நாயனத்தின் உடலும் அணசும் மாதிரி. எந்தச் சத்தம் வெளியே வரலாம், எது அடங்கலாம் என்று தீர்மானிக்கிறது. என்வலப் என்பது மூச்சு மாதிரி. சத்தம் எப்படி எழுந்து, எப்படி நின்று, எப்படி அடங்குகிறது என்பதைச் சொல்கிறது. கமகம் வேண்டுமென்றால் பிட்ச் பெண்ட் சக்கரம். இந்தக் குமிழ்களை எல்லாம் திருகி வைத்த ஒரு நிலைக்குப் பேட்ச் என்று பெயர். பல பேட்ச்கள் சேர்ந்தது ஒரு பேங்க்.

பிளக்-இன்: ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் செருகிக்கொள்ளும் குட்டி சாஃப்ட்வேர். நம்ம சிந்தசைசர் ஒரு பிளக்-இன். பழைய விண்டோஸ் பிளக்-இன்கள் பெரும்பாலும் டி.எல்.எல். என்று முடிகிற ஒரே ஒரு கோப்பாக இருக்கும்.

முதல் நாள்: தப்பு மேல் தப்பு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நாங்கள் செய்தது எல்லாம் கோமாளித்தனம். வால்யூமை ஏற்றினோம். ரீஸ்டார்ட் செய்தோம். டி.எல்.எல். கோப்பை நாலு ஃபோல்டரில் போட்டோம். செட்டிங்கில் அங்கிட்டும் இங்கிட்டும் பத்து இடத்தில் மாற்றினோம். கடைசியில் தபேலாவும் வரவில்லை! எதை மாற்றியதால் போனது என்று எங்களுக்கே தெரியவில்லை.

அன்று மாலை என் மாமா மகன் போனில் பேசினார். அவர் திருமங்கலத்தில் சின்னதாக ரெக்கார்டிங் செய்கிறவர். "தம்பி, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்து. மாத்துனதை நோட்டுல எழுது. சரியாகலைன்னா பழையபடி வச்சுட்டு அடுத்ததுக்குப் போ" என்றார். அம்புட்டுதான் சொன்னார். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கெமிஸ்ட்ரி லேபில் உப்புப் பகுப்பாய்வு செய்கிறோமே, அதே முறைதான். எல்லா அமிலத்தையும் ஒன்றாக ஊற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்க முடியுமா?

சோதனை 1: குறிப்பு இருக்கிறதா, வித்வான் இல்லையா?

மறுநாள் நோட்டோடு உட்கார்ந்தோம். நாயன டிராக்கில் பழைய சிந்தசைசருக்குப் பதில், ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோடு வரும் சாதாரண சிந்தசைசரைப் போட்டோம். "பீ... பீ..." என்று பொம்மை ஊதல் மாதிரி சத்தம் வந்தது. ஆனால் மெட்டு சரியாக இருந்தது! அப்படியானால் மிடி குறிப்பு பத்திரமாக இருக்கிறது, ஸ்பீக்கர் சரி, டிராக் சரி. வித்வான்தான் மேடைக்கு வரவில்லை. ஒரே சோதனையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

சோதனை 2: மீட்டர் கேஜும் பிராட் கேஜும்

வித்வான் ஏன் வரவில்லை? நம்ம பிளக்-இன் 32 பிட் காலத்தது. புது ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் 64 பிட். 32 பிட் நிரலால் 2 இன் அடுக்கு 32, அதாவது 4 ஜிபி அளவு நினைவக முகவரிகளைத்தான் எண்ண முடியும். 64 பிட்டின் எல்லை மிக மிகப் பெரியது. முகவரி எழுதும் முறையே வேறு என்பதால், ஒரு 64 பிட் நிரலுக்கு உள்ளே 32 பிட் டி.எல்.எல்.லை நேராகச் செருக முடியாது.

மதுரை–போடி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 வரை அது மீட்டர் கேஜ் பாதை. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர். பிறகு பாதையைப் பிரித்து, 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜ் போட்டு, 2022 இல் தேனிக்கும் 2023 இல் போடிக்கும் ரயில் விட்டார்கள். பழைய மீட்டர் கேஜ் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் புதுத் தண்டவாளத்தில் ஏறாது. பெட்டி மேல் குற்றமில்லை, பாதை மாறிவிட்டது.

ஆனால் பெட்டி ஏறாவிட்டாலும் பயணிகள் ஏறலாமே! ஜங்ஷனில் இந்த ரயிலில் இருந்து இறங்கி, எதிர் பிளாட்பாரத்தில் அந்த ரயிலில் ஏறுகிறோம் இல்லையா? கம்ப்யூட்டரில் அதற்குப் பெயர் பிரிட்ஜ், அதாவது பாலம். பழைய பிளக்-இன்னைத் தனியாக ஒரு 32 பிட் நிரலாக ஓட விட்டு, குறிப்புகளை அந்தப் பக்கம் அனுப்பி, சத்தத்தை இந்தப் பக்கம் வாங்கிக்கொள்வது. விண்டோஸ் 11 தானே 64 பிட் ஆனாலும், 32 பிட் நிரல்களைத் தனியாக ஓட விடும். (ஆப்பிள் மேக்கில் 2019 இல் வந்த கேட்டலீனா பதிப்பிலிருந்து 32 பிட் நிரல்கள் ஓடாது. அங்கே இந்த வைத்தியம் பலிக்காது.)

சில ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்களில் பாலம் உள்ளேயே இருக்கும். சிலவற்றுக்குத் தனியாக வாங்கிப் போட வேண்டும். எங்களுடையதில் இருந்தது. ஆனாலும் பிளக்-இன் வரவில்லை!

சோதனை 3: எங்கே தேடுகிறது? என்ன ஞாபகம் வைத்திருக்கிறது?

ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் பிளக்-இன்னை வீடு முழுக்கத் தேடாது. செட்டிங்கில் நாம் எழுதிக் கொடுத்த ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். அது மட்டுமில்லை, ஒருமுறை தேடும்போது ஒரு பிளக்-இன் தகராறு செய்தால், அதைக் கெட்டவன் பட்டியலில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை எட்டிக்கூடப் பார்க்காது. முதல் நாள் நாங்கள் அடித்த கூத்தில் நம்ம பிளக்-இன் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தது. ஆகவே:

1. சி டிரைவில் புதுசாக ஒரு ஃபோல்டர் போட்டோம்.
2. பிளக்-இன்னை அங்கே வைத்தோம்.
3. அந்த ஃபோல்டரின் முகவரியைச் செட்டிங்கில் எழுதினோம்.
4. பழைய பட்டியலை அழித்து, முழுசாக மறுபடி தேடச் சொன்னோம்.

'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் ஏன் வைக்கவில்லை? எக்ஸ்.பி. காலத்துப் பிளக்-இன்கள் தங்கள் செட்டிங் கோப்பைத் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்கும். 2007 இல் வந்த விஸ்டாவில் இருந்து, விண்டோஸ் அந்த ஃபோல்டருக்குள் சாதாரண நிரல்களை எழுத விடுவதில்லை. அதனால் தனி ஃபோல்டர்தான் நல்லது.

பிளக்-இன் பெயர் பட்டியலில் வந்துவிட்டது! கத்திவிட்டோம். பக்கத்து வகுப்பில் இருந்து கணக்கு சார் எட்டிப் பார்த்தார்.

ஆனால் திறந்தால் "கோப்பைப் படிக்க முடியவில்லை" என்று ஒரு செய்தி. இதற்குக் காரணம் என் தமிழ்ப்பற்று! ஃபோல்டருக்கு நான் 'நாயனம்' என்று தமிழில் பெயர் வைத்திருந்தேன். இந்தக் காலத்துச் சாஃப்ட்வேர்கள் யூனிகோடு முறையில் எல்லா மொழி எழுத்தையும் படிக்கும். அந்தக் காலத்து நிரல்கள் பலவற்றுக்கு அது தெரியாது. தமிழ் எழுத்தெல்லாம் அவற்றுக்கு வெறும் கேள்விக்குறிதான். ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினேன். முகவரியையும் மாற்றி எழுதி மறுபடி தேட விட்டோம். திறந்தது. மன்னித்துவிடு தமிழன்னையே!

சோதனை 4: வித்வான் வந்தார், வேறு ராகம் பாடினார்

பிளக்-இன் திறந்தது. பாட்டை ஓட விட்டோம். நாயனத்துக்குப் பதில் பி.இ.டி. மாஸ்டர் விசில் மாதிரி ஒரு சத்தம்!

நல்ல பிளக்-இன்கள் குமிழ் நிலை முழுவதையும் பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்துவிடும். இந்தப் பழைய ஆசாமி, "37 ஆவது பேட்ச்" என்று எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறார். புதுசாகப் போட்ட பேங்க்கில் 37 ஆவது விசில். சாருடைய பேங்க்கில்தான் 37 ஆவது நாயனம். வீட்டு நம்பர் சரி, தெரு மாறிப்போச்சு!

பழைய டிஸ்க்கில் பேங்க் கோப்பைத் தேடினோம். பெயர் தெரியாது. ஆனால் 2009 இல் செய்தது என்று தெரியும். தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தோம். பிளக்-இன் ஃபோல்டரில் இல்லை, பாட்டு ஃபோல்டரிலும் இல்லை. இரண்டு நாள் தேடினோம். கடைசியில் 'தேர்வு அட்டவணை' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இருந்தது! யாராவது அழித்துவிடுவார்களோ என்று பயந்து, யாருமே திறக்காத ஃபோல்டராகப் பார்த்துச் சாரே ஒளித்து வைத்து, சாரே மறந்துவிட்டாராம்.

கோப்பை ஏற்றினோம். 37. நாயனம்!

சோதனை 5: காது சொன்னதும் கணக்கு சொன்னதும்

ஓடிப்போய் சாரைக் கூட்டி வந்தோம். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கியது.

"சத்தம் அதேதாம்ப்பா. ஆனா சுருதி சேரலையே. குரல் ஒரு கட்டையில நிக்குது. நாயனம் முக்கால் கட்டை ஏறி நிக்குது."

"அரைக் கட்டையா இருக்குமா சார்?"

"அரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. ஆர்மோனியத்துல அப்படி ஒரு கட்டையே கிடையாது."

சார் ஆர்மோனியத்தை எடுத்து வைத்து வாசித்துக் காட்டினார். ஒன்றரைக் கட்டையில் வைத்தால் நாயனம் மேலே நின்றது. இரண்டு கட்டையில் வைத்தால் கீழே நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குப் போய் ராத்திரி யோசித்தேன். சார் சொன்ன அந்த ஒரு வரிதான் துப்பு. யாராவது தவறுதலாகச் சுருதியை மாற்றி வைத்திருந்தால், அது ஏதாவது ஒரு கட்டையில் போய்ச் சரியாக உட்கார்ந்திருக்கும். ஏனென்றால் அந்தக் குமிழ் ஒவ்வொரு கட்டையாகத்தான் நகரும். இது இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிறது. அப்படியானால் இது மனிதக் கை செய்த தப்பு இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பழைய டேப்ரெக்கார்டரில் மோட்டார் வேகமாக ஓடினால் சுருதியும் ஏறும், பாட்டும் சீக்கிரம் முடிந்துவிடும். இங்கே தாளம் தப்பவில்லை, குரலும் மாறவில்லை. நாயனத்தின் சுருதி மட்டும் ஏறியிருக்கிறது. அப்படியானால் கோளாறு அந்த சிந்தசைசருக்கு உள்ளே.

மறுநாள் செட்டிங்கைப் பார்த்தேன். புதுக் கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. 2009 இல் பாட்டைச் செய்தது 44,100 இல், அதாவது சி.டி.யின் கணக்கில்.

கம்ப்யூட்டரில் சத்தம் என்பது புள்ளிகளின் வரிசை. நம்ம பழைய பிளக்-இன் 44,100 தவிர வேறு எண் இருக்கும் என்றே நினைக்காமல் எழுதப்பட்டது போல. ஒரு விநாடிக்கு 44,100 புள்ளி என்று கணக்குப் போட்டு அலையை வரைகிறது. கம்ப்யூட்டரோ அந்தப் புள்ளிகளை விநாடிக்கு 48,000 வீதம் வாரி எடுத்துவிடுகிறது. அலை சீக்கிரம் முடிந்து அடுத்த அலை வந்துவிடும். சுருதி ஏறிவிடும். எவ்வளவு ஏறும்?

48,000 ÷ 44,100 = 1.0884

ஒரு கட்டை ஸட்ஜமத்தின் அதிர்வெண் சுமார் 261.6. அதை 1.0884 ஆல் பெருக்கினால் 284.7. ஆர்மோனியத்தில் ஒன்றரைக் கட்டை 277.2, இரண்டு கட்டை 293.7. நம்ம 284.7 எங்கே நிற்கிறது? இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில்! அதாவது ஒன்றே முக்கால் கட்டை. சார் சொன்ன அதே முக்கால்!

நண்பர்களே, அந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்த மீட்டரும் இல்லாமல், 16 வருஷத்துக்கு மேல் கேட்டுப் பழகிய காது அதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டது. எனக்குக் கால்குலேட்டரோடு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

செட்டிங்கை 44,100 க்கு மாற்றினோம். சுருதி சேர்ந்தது.

சோதனை 6: பொரிகடலைச் சத்தம்

இன்னும் ஒரு சில்லறைத் தொல்லை. நாயனம் நீளமாக ஊதும் இடங்களில் பொரி பொரிகிற மாதிரி டப் டப் என்று சத்தம். கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொத்துக் கொத்தாகச் செய்து அனுப்புகிறது. அந்தக் கொத்துக்குப் பெயர் பஃபர். கொத்து சின்னதாக இருந்தால் அடுத்ததைச் செய்து முடிப்பதற்குள் முந்தியது தீர்ந்துவிடும். இடையில் வெற்றிடம் விழும். அதுதான் டப் டப். பாலத்தைக் கடந்து போய்வரும் வேலை வேறு சேர்ந்திருக்கிறது.

128 ஆக இருந்த பஃபரை 512 ஆக்கினோம். டப் டப் நின்றது. ஆனால் கீபோர்டில் கட்டையை அமுக்கிச் சத்தம் வரக் கொஞ்சம் தாமதமாகும். எவ்வளவு? 512 ÷ 44,100 = 0.0116 விநாடி. அதே நேரத்தில் காற்றில் சத்தம் 4 மீட்டர் தூரம் போகும். கச்சேரி மேடையில் 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தவில்காரர் வாசிப்பதைக் கேட்கிற அளவு தாமதம்தான். "இதுக்கெல்லாம் பழகின கைதாம்ப்பா" என்று சார் சிரித்துவிட்டார்.

உங்களுக்குத் தெரியுமா?

★ மிடி முறை 1983 இல் அறிமுகமானது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககெஹாஷி இருவருக்கும் இதற்காக 2013 இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

★ வி.எஸ்.டி. என்ற பிளக்-இன் முறையை ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996 இல் கொண்டுவந்தது. 1999 இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் பிளக்-இன்கள் மிடியை வாங்கி வாத்தியமாக வாசிக்க முடிந்தது.

★ 'சிந்த்1' என்ற இலவச சிந்தசைசரை உருவாக்கியவர் ஜப்பானின் இச்சிரோ டோடா. ஸ்வீடனில் செய்யப்பட்ட 'நார்டு லீட் 2' என்ற வாத்தியத்தை மாதிரியாகக் கொண்டு செய்தார். பழகிப் பார்க்க ஏற்றது.

★ 1968 இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாம் கேட்கும் நாகஸ்வரம் நம்ம மதுரைச் சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுச்சாமி வாசித்தது!

கடைசி வேலை: மறுபடி தொலையாமல் இருக்க

சார் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். புதுச் சரணத்துக்கான நாயனத்தை அவரே வாசித்தார். வலது கை கட்டையில், இடது கை பிட்ச் பெண்ட் சக்கரத்தில். முடித்ததும் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் இழுப்பாரு" என்று சொல்லி மறுபடி வாசித்தார். லேபில் யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

பிளக்-இன் வேலை செய்கிறபோதே நாங்கள் செய்துவிட்ட காரியங்கள் இவை. நீங்களும் செய்யுங்கள்:

1. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக மாற்றினோம். இனி அந்த சிந்தசைசரே இல்லாவிட்டாலும் நாயனம் ஒலிக்கும். சி.டி. தரத்தில் ஒரு நிமிஷத்துக்கு 10.6 எம்பிதான். நாலு நிமிஷப் பாட்டில் ஒரு டிராக் சுமார் 42 எம்பி. (மாற்றும்போது வேகமாக ஓட விடாமல், பாட்டு ஓடும் நேரத்திலேயே ஓட விடுங்கள். பழைய பிளக்-இன்கள் அவசரப்படுத்தினால் ஸ்வரத்தை முழுங்கிவிடும்.)
2. மிடி குறிப்பைத் தனிக் கோப்பாக எடுத்தோம்.
3. பேங்க் கோப்பு, பிளக்-இன் இரண்டையும் பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்தோம்.
4. 37 ஆவது பேட்ச்சில் ஒவ்வொரு குமிழும் எந்த எண்ணில் நிற்கிறது என்று நோட்டில் கையால் எழுதினோம். கம்ப்யூட்டர் மாறலாம், பேப்பர் மாறாது.
5. "இந்தப் பாட்டு 44,100 இல் செய்தது" என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினோம்.
6. மூன்று நகல்: ஒன்று லேபில், ஒன்று நூலகத்தில், ஒன்று சார் வீட்டில். 'தேர்வு அட்டவணை' ஃபோல்டரில் எதையும் வைக்கவில்லை!

"நிஜ நாயனக்காரரையே கூப்பிட்டிருக்கலாமே?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். கூப்பிட்டிருக்கலாம். அவர் இன்னும் நன்றாகவே வாசித்திருப்பார். ஆனால் இது சார் தன் அப்பாவை ஞாபகத்தில் இருந்து வரைந்த படம். அதற்குப் பதில் வேறு யாருடைய நல்ல போட்டோவையும் மாட்ட முடியாதில்லையா?

ஆண்டு விழா அன்று திரை விலகியதும் அந்த நாயனம் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டத்தில் எல்லோரும் மேடையைப் பார்த்தீர்கள். நான் மட்டும் ஓரத்தில் நின்ற சாரைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். இந்த முறை முகம் சுருங்கவில்லை.

உங்கள் வீட்டில் பரண் மேல் பழைய கம்ப்யூட்டர் கிடந்தால் எடைக்குப் போடும் முன் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே யாருடைய நாயனம் இருக்கிறதோ!

 பிழை இருந்தால் தமிழ் ஐயா மன்னிக்கவும். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குக் கிளம்புங்கள்!



– பிளஸ் ஒன் மாணவன், கணினி அறிவியல் பிரிவு